மாரிமோ: குளிர் ஏரியின் பாசிப் பந்தை வீட்டுத் தொட்டியில் வளர்க்க முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டுக் கூடத்தில், வடக்குச் சன்னலுக்குக் கீழே தரையில் ஓர் அகன்ற கண்ணாடிச் சாடி இருக்கிறது. அதில் எலுமிச்சம்பழ அளவில் மூன்று பச்சைப் பந்துகள். இரண்டை வாங்கி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாவது அவற்றில் ஒன்றிலிருந்து பிரித்தது. வீட்டுக்கு வருபவர்கள் குனிந்து பார்த்துவிட்டு, "இதற்கு உயிர் இருக்கிறதா?" என்று கேட்பார்கள். இருக்கிறது. அதைக் காப்பாற்றக் கற்றுக்கொள்வதற்கு முன் நான் ஒன்றை இழந்தேன். அந்த முதல் பந்து ஒரு சித்திரை மாதத்தில் பத்தே நாளில் வெளுத்துச் சிதைந்தது. மேற்குப் பார்த்த சன்னல், பிரகாசமான விளக்கு, 33 டிகிரிக்குப் போன தண்ணீர். "சும்மா தண்ணீரில் போட்டு வையுங்கள், எதுவும் செய்ய வேண்டாம்" என்று கடையில் சொன்னதை அப்படியே நம்பியிருந்தேன்.

எதுவும் செய்யாமல் மாரிமோ வாழ்கிறது என்றால், அதற்கு வேண்டியதை எல்லாம் ஓர் ஏரி செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். தண்ணீரைக் குளிர்ச்சியாக வைப்பது, வெளிச்சத்தை மங்கலாக்குவது, பந்தைப் புரட்டுவது, படிந்த தூசியை அலசுவது ஆகிய நான்கும் ஏரியின் வேலைகள். சாடிக்குள் கொண்டுவந்த பிறகு அவை நம் வேலைகள். இந்த வழிகாட்டியில் சொல்வதெல்லாம் அந்த நான்கு வேலைகளையும் எப்படிச் செய்வது என்பதைப் பற்றித்தான்.

வாங்கும் முன்: இது என்ன உயிர்?

ஆங்கிலத்தில் இதை 'மாஸ் பால்' என்கிறார்கள். தாவரவியலின்படி அது தவறான பெயர். மாஸ் என்பது மழைக்காலத்தில் மதிற்சுவரில் மெத்தைபோலப் படர்கிற, தண்டும் சிற்றிலைகளும் உள்ள தாவரம். மாரிமோவோ நீரில் வாழும் இழைப்பாசி. குளத்துப் படிக்கட்டில் கால் வைத்தால் வழுக்குகிறதே, அந்த வகையறா. தமிழில் இரண்டையுமே பாசி என்பதால் 'பாசிப் பந்து' என்ற நம் பெயர் சரியாகவே பொருந்துகிறது.

அறிவியல் பெயர் ஏகாக்ரோபிலா லின்னேயி. ஆடுகளின் இரைப்பையில் மயிர் திரண்டு உருவாகும் பந்துக்கு ஐரோப்பியர் வைத்திருந்த பழைய பெயரிலிருந்து இது வந்தது. கையில் எடுத்துப் பார்த்தால் அந்த ஒப்புமை உடனே விளங்கிவிடும். 'மாரிமோ' என்ற ஜப்பானியப் பெயரை 1898இல் தாவரவியலாளர் கவகாமி தாகியா வைத்தார். 'மாரி' என்றால் விளையாட்டுப் பந்து, 'மோ' என்றால் நீர்ப்பாசி.

இதன் புகழ்பெற்ற இருப்பிடம் ஜப்பானின் ஹொக்கைடோ தீவிலுள்ள அகான் ஏரி. அங்கே 30 சென்டிமீட்டர் விட்டம் வரை பந்துகள் வளர்கின்றன. 1921இல் இயற்கை நினைவுச்சின்னமாகவும், 1952இல் சிறப்பு இயற்கை நினைவுச்சின்னமாகவும் ஜப்பான் அவற்றை அறிவித்தது. அந்த ஏரியிலிருந்து பந்துகளை எடுப்பது குற்றம். ஐஸ்லாந்தின் மிவாட்ன் ஏரியிலும் பந்துகள் ஏராளமாக இருந்தன. அங்கே கடந்த சில பத்தாண்டுகளில் ஏறக்குறைய அழிந்தேவிட்டன. ஆஸ்திரியாவின் செல் ஏரியில் 1820களில் இவற்றைக் கண்டு பதிவு செய்தார்கள். அங்கும் இன்று பந்துகள் இல்லை. ஆகவே கையில் வரும் ஒரு பந்தைக் கவனக்குறைவால் சாகவிடக் கூடாது என்று நினைக்கிறேன்.

பந்தின் நடுவில் விதையோ கல்லோ கிடையாது. ஒரு மையத்திலிருந்து கிளைத்து வளரும் ஒற்றை உடலும் அன்று. எண்ணற்ற இழைகள் பின்னிக் கிடக்கும் திரள் அது. இதே பாசி சில ஏரிகளில் பாறையில் ஒட்டிய புல்தரைபோலவும், அடித்தளத்தில் உதிரிப் பஞ்சுபோலவும் வாழ்கிறது. காற்றும் அலையும் ஆழமும் சரியாக அமைந்து, அலை புரட்டிக்கொண்டே இருக்கும் சில இடங்களில் மட்டுமே பந்தாகிறது. வேரும் இலையும் இல்லாததால் இதற்கு மண் வேண்டாம், உரமும் வேண்டாம். உடல் முழுவதாலும் தண்ணீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. இதே காரணத்தால், பாசியைக் கொல்ல மீன் தொட்டியில் ஊற்றும் மருந்து எதுவானாலும் இதையும் கொன்றுவிடும்.

படி 1: உண்மையான பந்தைத் தேர்ந்தெடுத்தல்

மீன் கடைகளில் 'மாஸ் பால்' என்ற பெயரில் இரண்டு பொருள்கள் கிடைக்கின்றன. ஒன்று மாரிமோ. மற்றொன்று, பிளாஸ்டிக் உருண்டையைச் சுற்றி ஜாவா மாஸை நூலால் கட்டியது. இரண்டாவதும் அழகானதுதான், ஆனால் அது வேறு தாவரம், வளர்ப்பு முறையும் வேறு.

வேறுபாடு கண்டுபிடிக்க உருப்பெருக்கி தேவையில்லை. மாரிமோவின் மேற்பரப்பு வெல்வெட் துணிபோல இருக்கும், இலை தெரியாது. விரலால் அழுத்தினால் நடுவில் கெட்டியாக எதுவும் தட்டுப்படாது, ஈரமான பஞ்சுபோல அமுங்கி மீளும். முகர்ந்தால் மழை பெய்த குளக்கரையின் வாசம் வரும். அழுகல் நாற்றம் அடித்தால் வாங்க வேண்டாம். எல்லாப் பந்துகளும் அச்சில் வார்த்தவைபோலத் துல்லியமான கோளமாக இருந்தாலும் சந்தேகப்படுங்கள். இயற்கையான பந்து ஒரு பக்கம் சற்றுச் சப்பையாக இருக்கும்.

விற்பனைக்கு வருபவற்றில் ஏரியில் தானாகத் திரண்டவையும் உண்டு; சேகரித்த இழைகளைக் கையால் உருட்டிச் செய்தவையும் உண்டு. உருட்டியவை முதலில் தளர்வாக இருக்கும். அதில் குறையொன்றும் இல்லை, காலப்போக்கில் இறுகிவிடும்.

படி 2: தனிமைப்படுத்துதல்

பெரும்பாலானோர் தவிர்த்துவிடும் படி இது. நான் ஒருபோதும் தவிர்ப்பதில்லை. 2021 மார்ச்சில், அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த மாரிமோ பந்துகளுக்குள் வரிச்சிப்பி என்னும் சிறு மட்டி இருப்பது தெரியவந்தது. முதலில் சியாட்டில் நகரக் கடையொன்றில், பிறகு பல மாநிலங்களில். பந்துகள் உக்ரைனிலிருந்து வந்தவை. வரிச்சிப்பி ஒரு நீர்நிலையில் புகுந்தால் குழாய்களை அடைத்து, மற்ற உயிர்களின் உணவையும் பறித்துவிடும். நாடெங்கும் கடைகளிலிருந்து பந்துகளைத் திரும்பப் பெற்று அழிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே வாங்கி வந்ததும் நேராகத் தொட்டியில் போடாதீர்கள். வெள்ளைக் கிண்ணம் ஒன்றில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, பந்தை அதற்குள் வைத்து மெல்லப் பிழியுங்கள். வரும் நீரைக் கூர்ந்து பாருங்கள். சிப்பி, நத்தை முட்டை, புழு, மிதக்கும் நூல்போன்ற வேறு பாசி எதுவும் இருக்கக் கூடாது. நீர் தெளியும்வரை மூன்று நான்கு முறை மாற்றுங்கள். பிறகு இரண்டு வாரம் தனிச் சாடியில் வைத்து, நீர் மாற்றும்போதெல்லாம் பாருங்கள்.

அலசிய நீரை வாய்க்காலிலோ குளத்திலோ கொட்டாதீர்கள். கொதிக்க வைத்து ஆறவிட்டுச் செடிக்கு ஊற்றலாம். சிப்பி கண்ணில் பட்டால் அந்தப் பந்தை ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் கொதிநீரில் போட்டுக் குப்பையில் சேர்ப்பதே நல்லது. ஆகாயத்தாமரையும், தொட்டியிலிருந்து தப்பிய சக்கர் மீனும் நம் ஏரிகளை என்ன பாடு படுத்துகின்றன என்று பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

படி 3: பாத்திரமும் தண்ணீரும்

தனியாக வளர்ப்பதானால் ஒரு பந்துக்கு ஒரு லிட்டர் தண்ணீர் பிடிக்கும் அகன்ற வாய்ச் சாடி போதும். ஊறுகாய்ச் சாடிபோல் வாய் குறுகியது வேண்டாம். கை நுழைந்து பந்தைப் புரட்ட வேண்டும். அடியில் மணல் போடுவது உங்கள் விருப்பம். வழுவழுப்பான ஆற்றுக் கூழாங்கல் நன்றாக இருக்கும். கூரான சரளை இழைகளைக் கிழிக்கும்.

தண்ணீரில் முதலில் கவனிக்க வேண்டியது குளோரின். நகராட்சிக் குழாய் நீரை வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். அவசரமென்றால் மீன் கடையில் கிடைக்கும் ஆன்டி குளோரின் சொட்டுகளை, புட்டியில் எழுதியிருக்கும் அளவில் விடுங்கள். ஆழ்துளைக் கிணற்று நீரின் கடினத்தன்மையை மாரிமோ பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும். பால்டிக் கடலின் மெல்லிய உவர்நீரில்கூட இந்தப் பாசி வாழ்கிறது. ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்றுவதை நான் ஆதரிக்க மாட்டேன். வேரில்லாத இந்த உயிருக்குத் தாதுக்கள் கிடைக்கும் ஒரே வழி தண்ணீர்தான். அதையும் வடிகட்டிவிட்டால் அது எதை உண்ணும்? கிணற்று நீர் மிகவும் கடினமாக இருந்தால் ஆர்.ஓ. நீரைப் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளுங்கள்.

தனிச் சாடிக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை முழு நீரையும் மாற்றலாம். கோடையில் வாரம் ஒருமுறை. மீன் தொட்டியில் இருந்தால், மீனுக்காக நீங்கள் செய்யும் நீர் மாற்றமே போதும்.

படி 4: வெளிச்சம்

நேர் வெயில் கூடவே கூடாது. ஏரியில் இரண்டு மூன்று மீட்டர் நீருக்கு அடியில், தலைக்கு மேல் அசையும் மங்கிய ஒளியில் வாழப் பழகிய உயிர் இது. வடக்குச் சன்னலிலிருந்து வரும் பகல் வெளிச்சம் போதும். விளக்கென்றால் மங்கலான எல்.இ.டி.யை நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் எரியவிடுங்கள். அதிக ஒளியில் பந்து வேகமாக வளராது. அதன்மேல் வேறு பாசிகள்தான் வேகமாக வளரும்.

படி 5: வெப்பம்

நம் ஊரில் மாரிமோவின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

20 முதல் 25 டிகிரி வரை இதற்கு இதமானது. 28 வரை சில வாரங்கள் தாங்கும். 30ஐத் தாண்டித் தொடர்ந்து நின்றால் உள்ளிருந்து அழுகத் தொடங்கும். குளிரைப் பற்றிக் கவலையே வேண்டாம். அகான் ஏரி குளிர்காலம் முழுவதும் பனிக்கட்டியால் மூடிக் கிடக்கிறது, பந்துகள் அதன் அடியில் உறங்குகின்றன. நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் தொட்டி வெப்பமானி ஒன்றை முதலில் வாங்குங்கள். விரலை விட்டுப் பார்த்து ஊகிப்பது போதாது. நமக்குச் சில்லென்று தோன்றும் 29 டிகிரி நீர் இதற்குச் சூடு.

மார்கழி, தை மாதங்களில் நீங்கள் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மாசி முடிந்ததும் சாடியை மேசையிலிருந்து தரைக்கு இறக்குங்கள். மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையில் இருந்தால் கீழ்த்தளத்துக்கு மாற்றுங்கள். அடுப்புக்கும் குளிர்பதனப் பெட்டியின் பின்புறத்துக்கும் அருகில் வைக்காதீர்கள்.

அடுத்தது மண் தொட்டி முறை. பூசப்படாத அகன்ற மண் தொட்டியில் நான்கு விரல் உயரத்துக்கு மணல் பரப்பி, கண்ணாடிச் சாடியை அதில் நிறுத்துங்கள். சாடியைச் சுற்றிக் கழுத்துவரை மணல் நிரப்பி, காலையும் மாலையும் மணலை நனையுங்கள். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எப்படியோ அப்படித்தான் இதுவும்: ஈரம் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. பக்கங்கள் மறைவதால் ஒளி மேலிருந்து மட்டும் விழும். அதுவும் ஏரியைப் போலத்தான். கோவை, மதுரை, திருச்சிபோன்ற வறண்ட காற்றுள்ள ஊர்களில் இது நன்றாகப் பலன் தரும். சென்னை, தூத்துக்குடிபோன்ற கடலோரங்களில் காற்றில் ஈரம் அதிகம் என்பதால் பலன் குறைவு. மீன் தொட்டியானால் மூடியைத் திறந்து, நீரின் மேற்பரப்பில் காற்று படும்படி சிறு மின்விசிறி வையுங்கள். இரண்டு மூன்று டிகிரி இறங்கும். நீர் சீக்கிரம் குறையும், நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

கத்திரி வெயிலுக்கு இவை எல்லாம் போதாமல் போகலாம். அப்போது தயங்காமல் பந்தைக் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். உறைநிலைப் பகுதியில் அன்று, கீழே காய்கறி வைக்கும் தட்டுக்கு அருகில். நீர் நிரம்பிய புட்டியில் இட்டு, மூடியை இறுக்காமல் வைத்து, பத்து நாளுக்கு ஒருமுறை நீரை மாற்றுங்கள். ஊற்றும் நீரும் அதே குளிர்ச்சியில் இருக்கட்டும். இருட்டும் குளிரும் இதற்குப் புதியவை அல்ல. பனி மூடிய ஏரியில் பிறந்த உயிர். அக்னி நட்சத்திரத்தின் மூன்றரை வாரத்தையும் என் பந்துகள் ஆண்டுதோறும் அப்படித்தான் கடக்கின்றன. வெளியே எடுக்கும்போது புட்டியோடு அறையில் வைத்து, நீர் தானாக அறை வெப்பத்துக்கு வந்த பிறகு சாடிக்கு மாற்றுங்கள்.

படி 6: மிதந்தால் பதறாதீர்கள்

புதிய பந்து சில நாள் மிதக்கும். உள்ளே காற்று சிக்கியிருக்கிறது, அவ்வளவுதான். நீருக்கடியில் பிடித்து மெதுவாக அழுத்தினால் குமிழிகள் வெளியேறி மூழ்கும்.

பழகிய பந்தும் சில நாள்களில் பகலில் எழுந்து மாலையில் இறங்கும். ஒளிச்சேர்க்கையில் உண்டாகும் ஆக்சிஜன் குமிழிகள் இழைகளுக்கிடையே சிக்கி அதைத் தூக்குகின்றன. பிரிட்டனின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். ஒளிச்சேர்க்கையை வேதிப்பொருளால் தடுத்தபோது பந்துகள் எழவில்லை. இந்த ஏற்ற இறக்கத்தில் பாசியின் உடலுக்குள் பகல் இரவைக் கணக்கிடும் கடிகாரத்துக்கும் பங்கு உண்டு என்று அவர்கள் காட்டினார்கள். குமிழி முத்துகளோடு பந்து மெல்ல மேலெழுவதைப் பார்த்த காலைப்பொழுதை நான் மறக்கவில்லை.

படி 7: புரட்டுதலும் அலசுதலும்

வாரம் ஒருமுறை பந்தைப் புரட்டி வையுங்கள். அசையாமல் கிடந்தால் அடிப்பக்கம் ஒளி படாமல் பழுப்பாகும், உருவமும் சப்பையாகும். சாடியைக் கையில் எடுத்து மெல்லச் சுழற்றினாலும் போதும். மீன் தொட்டியில் ஃபில்டரின் நீரோட்டம் லேசாகப் படும் இடத்தில் வைத்தால் அதுவே ஓரளவு உருட்டிவிடும். நீரை உறிஞ்சும் வாயருகே வைக்காதீர்கள், இழைகளை இழுத்துக்கொள்ளும்.

மாதம் ஒருமுறை அலச வேண்டும். தொட்டியிலிருந்து எடுத்த நீரையோ குளோரின் நீங்கிய நீரையோ கிண்ணத்தில் ஊற்றி, பந்தை உள்ளங்கையில் வைத்து மூன்று நான்கு முறை மென்மையாக அழுத்தி விடுங்கள். துணியைப் பிழிவதுபோல் முறுக்கக் கூடாது. பிறகு இரு உள்ளங்கைகளுக்கும் நடுவே, கொழுக்கட்டைக்கு மாவு உருட்டும் பதத்தில், எல்லாத் திசையிலும் உருட்டுங்கள். உள்ளங்கை அளவைத் தாண்டிய பெரிய பந்தை அழுத்தவே வேண்டாம். வளர வளர நடுப்பகுதி உள்ளீடற்றதாகிவிடும், அழுத்தினால் பிளந்துபோகும். அதை நீரில் அசைத்து அலசினால் போதும்.

படி 8: யாரோடு வைக்கலாம்?

செர்ரி இறால்தான் மிகச் சிறந்த துணை. பந்தின்மேல் ஏறி உட்கார்ந்து, இழைகளில் சிக்கிய உணவுத் துகளைப் பொறுக்கித் தின்று சுத்தமாக்கும். கப்பி, நியான் டெட்ராபோன்ற சிறிய மீன்களாலும் தொல்லையில்லை. ஃபைட்டர் மீன் பந்தைத் தொடாது; ஆனால் அது விரும்பும் வெதுவெதுப்பு பந்துக்கு ஆகாது. தொட்டியில் ஹீட்டர் ஓடினால் பந்தைத் தனிச் சாடிக்கு மாற்றிவிடுங்கள்.

தங்கமீனோடு வைக்கவே வேண்டாம். குளிர்நீர் மீன் ஆயிற்றே என்று பலர் சேர்க்கிறார்கள். அது பந்தைக் கடித்துப் பிய்த்துவிடும். சக்கர் மீனும் ஆஸ்கர் மீனும் அப்படியே. மீனுக்கு நோய் வந்து செம்பு கலந்த மருந்து விட வேண்டியிருந்தால், பந்தை முன்னதாகவே வெளியே எடுங்கள். 'திரவ கார்பன்' என்று விற்கும் குளூட்டரால்டிஹைடு கரைசலும் பாசிகளுக்கு நஞ்சு.

நிறம் சொல்லும் செய்தி

ஒரு பக்கம் மட்டும் பழுப்பானால், புரட்டாமல் விட்டிருக்கிறீர்கள். அந்தப் பக்கத்தை மேலே திருப்பி வையுங்கள். முழுவதும் மங்கிய பழுப்பானால் தூசி படிந்திருக்கலாம், அலசிப் பாருங்கள். வெள்ளையாக வெளுத்தால் ஒளி அதிகம். இருண்ட இடத்துக்கு மாற்றினால் சில வாரங்களில் உள்ளிழைகள் பச்சை பிடித்து மேலே வரும். பந்தின் உட்புறத்து இழைகள் ஒளியில்லாமலே பசுமையைச் சேமித்து வைத்திருப்பவை. வெளிப்பக்கம் கெட்டாலும் மீட்சிக்கு வழி இருப்பது அதனால்தான். வெளிறிய பந்தைத் தனிக் கிண்ணத்தில், லிட்டருக்கு ஒன்றிரண்டு கிராம் கல்லுப்புக் கரைத்த குளிர்ந்த நீரில் ஒரு வாரம் வைப்பது என் வழக்கம். அயோடின் சேர்த்த தூள் உப்பை நான் பயன்படுத்துவதில்லை.

சாம்பல் நிறமாகி, பிசுபிசுத்து, நாற்றமும் வந்தால் அழுகல். காத்திருக்கக் கூடாது. கூரான கத்தரியால் கெட்ட பகுதி முழுவதையும், அதைச் சுற்றிக் கொஞ்சம் நல்ல பகுதியையும் சேர்த்து வெட்டுங்கள். மீந்ததைப் பல முறை அலசி, உருட்டி, குளிர்ந்த புதிய நீரில் தனியே வையுங்கள். மேலே நீளமான, வேறு பச்சை நிறமுள்ள முரட்டு நூல்கள் தெரிந்தால் அது வேறு பாசி. இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எடுங்கள்.

படி 9: ஒன்றை இரண்டாக்குதல்

ஆண்டுக்குச் சுமார் 5 மில்லிமீட்டர்தான் மாரிமோ வளரும். விட்டம் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் போகாதவரை அதைப் பிரிக்காதீர்கள். பிரிப்பதற்குக் குளிர்காலம் ஏற்றது. கார்த்திகையிலோ மார்கழியிலோ, பந்தை நீருக்கடியில் வைத்து, இழைகள் தாமாகப் பிரியும் திசையில் விரலால் மெல்ல விரியுங்கள். விரியாத இடத்தில் மட்டும் கத்தரி. ஒவ்வொரு பாதியையும் உள்ளங்கையில் உருட்டி, மெல்லிய பருத்தி நூலால் நாலைந்து சுற்று தளர்வாகச் சுற்றுங்கள். நூல் சில மாதங்களில் மக்கிவிடும். அதற்குள் இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். முதல் இரண்டு மாதம் வாரத்துக்கு மூன்று முறை உருட்டுங்கள். அலையின் வேலை இந்தக் காலத்தில்தான் அதிகம் தேவை.

என் மூன்றாவது பந்து அப்படிப் பிறந்ததுதான். கத்தரித்த ஓரத்துண்டு ஒன்றை நெல்லிக்காய் அளவில் உருட்டி வைத்தேன். நான்கு கோடையையும் நான்கு மார்கழியையும் கடந்து, இந்த ஆண்டுதான் மற்ற இரண்டோடு உயரம் சேர்ந்திருக்கிறது. நூல் சுற்றியிருந்த இடத்தில் இன்னும் ஒரு மெல்லிய பள்ளம் தெரிகிறது. புரட்டும்போதெல்லாம் அந்தப் பள்ளத்தைத் தேடித்தான் என் விரல் போகிறது.